ஈரம் உறிஞ்சும் பை

எங்கள் அப்பா சாகும்போது இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஒரு கிளாரினெட்டையும் விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஊதத் தெரியும். சண்டை போட்டுக்கொள்ள இதைவிட நல்ல சொத்தை எந்தத் தகப்பனும் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டான்.

நான் மூத்தவன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்து இறங்கும் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து எழுதுகிற வேலை. தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டான். சாப்பாடு மட்டும் கீழே, என் மனைவி கையால். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் அவனும் சேர்ந்தால்தான் அது வீடு. நாங்கள் இருவரும் பங்குக் கோயில் பேண்டில் இருந்தோம். திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போகிற பேண்டு அது. காலையில் ஒரு சாவு என்றால் நான் போவேன், மாலையில் ஒரு நிச்சயதார்த்தம் என்றால் அவன் போவான். குழல் இருவருக்கும் பொது. வாயில் வைக்கிற மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கொன்று.

ஊதி முடித்ததும் கிளாரினெட்டைத் துடைத்தே ஆகவேண்டும். உள்ளே சேருகிற தண்ணீரைப் பேண்டுக்காரர்கள் நாங்கள் எச்சில் என்றுதான் சொல்வோம். உண்மையில் அதில் எச்சில் கொஞ்சம்தான். சூடான மூச்சு குளிர்ந்த மரத்தில் பட்டு வேர்த்து நிற்பதுதான் மிச்சமெல்லாம், சோற்றுப்பானை மூடியில் நிற்குமே அந்த மாதிரி. துடைக்காமல் பெட்டிக்குள் வைத்து மூடினால் துளைகளை மூடுகிற பேட் எல்லாம் ஊறி ஒட்டிக்கொள்ளும், மூட்டில் சுற்றின கார்க்கு உப்பிவிடும், பூஞ்சை பிடிக்கும். அதுவும் ராயபுரத்தில். இங்கே அலமாரியில் வைத்த உப்பே தானாகக் கரைகிற ஊர். அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காசிமேட்டில் வலையின் ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டி, நூலின் மறுமுனையில் பழைய வேட்டித் துண்டைக் கட்டியிருந்தார். குண்டைக் குழலுக்குள் போட்டால் மறுபக்கம் வந்து விழும். நூலைப் பிடித்து இழுத்தால் துணி ஈரத்தை வாரிக்கொண்டு வரும். இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிடம் என் தம்பிக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை. ஊதுவான், சிரிப்பான், பிரியாணி சாப்பிடுவான், குழலை அப்படியே பெட்டியில் போட்டு மூடி என்னிடம் கொடுத்துவிடுவான். நான் திறந்தால் உள்ளே மீன் கழுவின தொட்டி மாதிரி இருக்கும்.

“ஏன்டா, ஊதத் தெரியுது, தொடைக்கத் தெரியாதா? ஒன் எச்சய நான் தொடைக்கணுமா?”

“நீதான் சோக்கா தொடைக்கிறியே ண்ணா. ஆளுக்கொரு வேல.”

இப்படித்தான் பேசுவான். நான் கத்துவேன். எனக்குக் கோபம் வந்தால் வாயில் சனி உட்கார்ந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். கத்திக்கொண்டே துடைப்பேன். இருபது வருடத்துக்கு மேல் அவன் ஈரத்தை நான்தான் துடைத்தேன், அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது.

எங்கள் கிளாரினெட்டின் மேல்பாதியில் விரலால் அமுக்கித் திறக்கிற ஒரு சின்ன கீ இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு துளை. தண்ணீர் எப்போதும் அந்தத் துளையில்தான் போய் உட்காரும். தண்ணீர் ஒரு தடவை வழி கண்டுபிடித்துவிட்டால் பிறகு அதே வழியில்தான் வரும். அங்கே தண்ணீர் நின்றால் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் களகளவென்று கொப்பளிக்கிற சத்தம் வரும். தம்பி ஊதினால் இரண்டாவது பாட்டிலேயே வந்துவிடும். அவன் அசரமாட்டான். சிகரெட் சுற்றுகிற மெல்லிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பான். கீக்கு அடியில் அதைச் செருகி இரண்டு அமுக்கு அமுக்கி உருவினால் காகிதம் தண்ணீரைக் குடித்திருக்கும். மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த அடியை ஊதுவான். சிகரெட் பழக்கம் இல்லாத ஒருவன் அந்தக் காகிதம் வாங்குவதைப் பார்த்துப் பெட்டிக்கடைக்காரர் கிண்டல் செய்வார். களகள சத்தம் வந்தால் சின்னவன், வராவிட்டால் பெரியவன் என்று எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

சுத்தமாக ஊதுவான் என்பதுதான் என்னைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை. தம்பியைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் ஊதினால் சாவு வீட்டில் அதுவரை அழாத மருமகள்கூட அழுவாள். பேண்டு மாஸ்டருக்கு அது தெரியும். பெரிய வெள்ளிக்கிழமைப் பவனியில் தனியாக ஊதவேண்டிய இடம் வந்தால் அவர் கண் என்னைத் தாண்டி அவன் மேல் போகும். இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறையில் பூசை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்த பிறகு, பேண்டுக்காரர்கள் கலைந்து அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போவார்கள். அங்கே அவரவர் ஒரே ஒரு பாட்டு ஊதவேண்டும். கூட யாரும் வாசிக்கக்கூடாது, டிரம் கூடாது. செத்தவருக்கும் ஊதுகிறவருக்கும் நடுவில் அந்த ஒரு பாட்டுதான். எங்களுக்கு அப்பா ஒருவர், குழல் ஒன்று. அதனால் ஒரு வருடம் நான், மறுவருடம் அவன். முறை தவறியதே இல்லை. மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுப்பான், இதில் மட்டும் விடமாட்டான். ஆகஸ்டிலேயே “இந்த தபா யாரு மொற ண்ணா?” என்று தெரிந்துகொண்டே கேட்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தவக்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. சட்டை தொளதொளத்துப் போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவன் பயப்படவில்லை. நான் பயந்தேன். அவன் வேலைக்கு நீண்ட லீவு போட்டான். அன்றைக்கே அவன் தட்டும் டம்ளரும் மாடிக்குப் போயின. கிளாரினெட் பெட்டி என் அறைக்கு வந்து பீரோ மேல் ஏறியது. அவன் மவுத்பீஸை மட்டும் ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

“இனிமே இத்த நீ தொடாத. ஒன் எச்ச இதுல படக்கூடாது.”

“சரி ண்ணா.”

டப்பாவை வாங்கிக்கொண்டு படியேறிப் போனான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை செய்தார்கள். இனி இவரால் யாருக்கும் பரவாது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தட்டு கீழே வந்தது. கிளாரினெட் பீரோவை விட்டு இறங்கவில்லை. அந்த வாரமே தம்பி ஒரு செய்தியோடு வந்தான். நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறதாம், தினமும் பலூன் ஊதினால் விரியும் என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னாராம்.

“நான் கிளாரினெட்டு ஊதுறவன்னு சொன்னேன் ண்ணா. பலூனவிட அது நல்லது, மெதுவா ஊதுங்கன்னு சொல்லிச்சு அந்த நர்சம்மா.”

நான் மறுநாள் வேலை முடிந்து வரும்போது கடையில் நின்று, பிறந்தநாளுக்குக் கட்டுகிற கலர் பலூன் பாக்கெட் இரண்டு வாங்கி அவன் கையில் கொடுத்தேன். அவன் சிரித்தான். ஒரு சிவப்புப் பலூனை அங்கேயே ஊதி என் மனைவியிடம் கொடுத்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். எல்லோரும் சிரித்ததால் அதை வேடிக்கை என்றே நான் நம்பினேன். ஒரு வாரம் மாடிப்படி முழுக்கப் பலூனாகக் கிடந்தது.

பயம் உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயம் பாதிதான். அந்த ஆறு மாதத்தில் பேண்டில் கிளாரினெட் என்றால் நான் ஒருவன்தான். மாஸ்டர் கண் என்னைத் தாண்டிப் போக இடமில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன். யார்டில் வருகிற கன்டெய்னர்களுக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு அனுப்புவார்கள். கப்பல் கடல் தாண்டி வரும்போது பெட்டிக்குள் வேர்த்துச் சரக்கு நனையாமல் இருப்பதற்கு. சரக்கை இறக்கினதும் அந்தப் பைகளைக் கூட்டிக் குப்பையில் போடுவார்கள். அதில் சின்னதாக இரண்டை எடுத்து வந்து, மொட்டை மாடியில் காயவைத்து, கிளாரினெட் பெட்டிக்குள் போட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அற்புதம் நடந்தது. பெட்டியைத் திறந்தால் குழல் உள்ளே காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. நான் அவசரத்தில் ஒப்புக்குத் துடைத்து வைத்த நாளிலும் அப்படித்தான். பேட் ஒட்டவில்லை. அந்தப் பாழாய்ப்போன சின்ன கீயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கீகளின் இடுக்கில் இருந்த அழுக்குகூடப் போயிருந்தது. பைக்கு அழுக்கு எடுக்கத் தெரியுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்கையை நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பேண்டில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன். சாக்ஸபோன்காரருக்கு இரண்டு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பெட்டியைச் சரியாக மூடியிருக்க மாட்டீர்கள் என்று அவரையே திட்டினேன். தம்பியிடமும் காட்டினேன், பெட்டியை அவன் தொடாத தூரத்தில் பிடித்துக்கொண்டு.

“பாத்தியா? இருவது வருசமா ஒன் எச்சய தொடைச்சி கை ஓஞ்சி பூட்ச்சி. இனிமே இந்த பையி பாத்துக்கும்.”

அவன் எட்டிப் பார்த்தான். “சூப்பரா வேல செய்யுது ண்ணா. விட்டுடாத அத்த” என்றான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவோ நினைத்துப் பார்க்கிறேன். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்ச் சுவரோரம் இஸ்திரி வண்டி போடுகிறவர் ஒருநாள் என்னை நிறுத்தினார். “இன்னா நைனா, நேத்து மத்தியானம் ஜோரா ஊதிகினு இருந்தியே. துணிய கருக்கிட்டேன் நானு, கேட்டுகினே நின்னுட்டு.” நேற்று மத்தியானம் நான் யார்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். வயதான மனிதர், ஞாயிற்றுக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்து, “அப்டியா, தேங்ஸ்பா” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு வராத பாராட்டை நான் அன்றைக்குச் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் மாத்திரை முடிந்தது. குணமாகிவிட்டது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் தம்பி என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அந்த வருடம் அவன் முறை.

“ண்ணா, ஒரே பாட்டு. அப்பாவாண்ட மட்டும். முடிச்சிட்டு நானே தொடைச்சி குட்த்துடறேன்.”

“நீ? தொடைக்கிறவன்டா நீ! அடுத்த வருசம் பாத்துக்கலாம். ஒடம்பு தேறட்டும்.”

“ஒடம்பு தேறிச்சுன்னு எழுதி குட்த்துக்கிறாங்களே ண்ணா.”

“எழுதி குட்ப்பாங்க. ஊதப் போறது நானு. எனக்கு வந்தா அவங்களா வந்து பாப்பாங்க?”

என் மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். பின்னால் அவன், “உடு அண்ணி, அடுத்த வருசம்னு சொல்லிகீறாரே” என்று அவளைச் சமாதானப்படுத்துவது கேட்டது.

கல்லறைத் திருநாளன்று விடிந்ததிலிருந்து மழை. பூசை முடிந்து அப்பாவின் கல்லறைக்குப் போனபோது சாமந்தி மாலையெல்லாம் ஊறித் தொங்கியது, மெழுகுவர்த்தி நிற்கவில்லை. தம்பி குடை பிடித்தான். குடையை என் தலைக்கு மேல் பிடிக்கவில்லை, கிளாரினெட்டுக்கு மேல் பிடித்தான். நானும் அவனும் பாதி நனைந்தோம். அப்பாவுக்குப் பிடித்த மாதா பாட்டை ஆரம்பித்தேன். குளிர்ந்த காற்றில் குழல் சீக்கிரம் வேர்த்துவிட்டது. மூன்றாவது அடியில் களகளவென்று அந்தச் சத்தம் வந்தது. நான் ஊதி அந்தச் சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் நின்றார்கள். மானம் போய்விட்டது எனக்கு. நிறுத்தினேன்.

இடதுபக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் அந்த மெல்லிய காகிதம். நனையாமல் இருக்க அதை எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. கீக்கு அடியில் செருகப்போனான்.

“தொடாத!” என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

கை நின்றது. காகிதத்தை இரண்டாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவன் குடையை மட்டும் முன்போலவே பிடித்தான். நான் வாயால் அந்தத் துளையில் ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மீதிப் பாட்டை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தான் எனக்கு.

டிசம்பர் மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நிமோனியா என்றார்கள். டி.பி. குணமானாலும் நுரையீரலில் அது விட்டுப்போன தழும்பு இருக்கும், அந்த நுரையீரல் இன்னொரு அடியைத் தாங்காது என்றார்கள். நான்கு நாள். நான்காம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் ஆக்சிஜன் மூடி. அதற்குள் அவன் மூச்சு வேர்த்து, துளித் துளியாக நின்று வழிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் களகளவென்று கேட்டது. நர்ஸ் மூடியைக் கழற்றித் துடைக்கச் சொல்லிப் பஞ்சைக் கொடுத்தார். துடைத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை துடைத்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “நீதான் சோக்கா தொடைக்கிற” என்றான். காற்றுதான் வந்தது, சத்தம் இல்லை, ஆனால் அதைத்தான் சொன்னான். மத்தியானம் போய்விட்டான்.

பேண்டு வந்தது. சொந்த வீட்டுச் சாவுக்கு அந்த வீட்டுக்காரன் ஊதக்கூடாது என்பதால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிளாரினெட் இல்லாமல் மற்றவர்கள் வாசித்தார்கள். அந்தக் குறை எனக்கு ஒருவனுக்குத்தான் கேட்டது என்று நினைத்தேன். மாஸ்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கியபோது, வந்து ஊதித்தான் ஆகவேண்டும் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். அவன் காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி நான் ஒரு கல்யாணத்தில் ஊதிவிட்டு வழக்கம்போல அவசரமாக மூடி வைத்தது அந்தப் பெட்டி. அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. இறக்கித் திறந்தேன். குப்பென்று ஒரு புளித்த நாற்றம். கார்க்கெல்லாம் பச்சைப் பூஞ்சை. பேட் ஒவ்வொன்றும் ஊறி வெடித்துத் துளையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தச் சின்ன கீ தூக்கினால் வரவில்லை. என் இரண்டு பைகளும் உப்பிக் கனத்துப்போய் மூலையில் கிடந்தன. எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

“கலீஜ்! பையி இம்மாங்காட்டியும் நல்லா வேல செஞ்சிகினு இருந்துச்சு. இப்ப இன்னா ஆச்சு இதுக்கு?”

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை ஈரத்தோடு எடுத்து என் முன்னால் வந்து நின்றாள்.

“பையி! ஒரு பையி இன்னாத்த தொடைக்கும்? தெனம் ரெண்டு மணிக்கு, நீ யார்டுல இருக்கச்சே, ஒன் தம்பி வந்து தொடைச்சான். நான்தான் பீரோ மேலருந்து எடுத்துக் குடுத்தேன்.”

அவள் நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் அடக்கி வைத்தது.

“அவன் மவுத்பீஸ போட்டு அரைமணி நேரம் ஊதுவான். நர்சம்மா சொன்ன மாரி மெதுவா. அப்பா கல்லறைல ஊதணும்னு அந்த ஒரே பாட்டு. அப்பால தொடைக்க ஒக்காருவான் பாரு, ஒருமணி நேரம். துணிய வெந்நில போட்டு, டெட்டால் போட்டு, காயவெச்சி, மூணு தபா இழுப்பான். குச்சில பஞ்சு சுத்தி ஒவ்வொரு ஓட்டையா தொடைப்பான். போதும்டான்னா கேக்க மாட்டான். ண்ணன் பயப்படுறாரு அண்ணி, என் ஈரம் ஒரு சொட்டு அவருமேல படக்கூடாதும்பான். தெருவுல பாதி பேருக்கு தெரியும். ஒனக்கு மட்டும் யாரும் சொல்லல, நீ கத்துவன்னு.”

“அக்டோபர்ல நீயாச்சும் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ எழுந்து பூட்ட.”

மாடிக்குப் போனேன். அவன் செத்த பிறகு அந்த அறைக்குள் நான் போகவில்லை. ஜன்னலோரக் கொடியில் வெள்ளைத் துணித் துண்டுகள் ஏழு, வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கின. எங்கள் அப்பாவின் வேட்டியிலிருந்து வெட்டினவை. ஒவ்வொன்றும் ஓரம் மடித்துத் தைத்திருந்தது, நூல் பிரிந்து குழலுக்குள் சிக்கக்கூடாது என்று. மேசை மேல் தகர டப்பா. திறந்தால் மவுத்பீஸ், பளபளவென்று. அதற்கு அடியில் அந்தச் சிகரெட் காகிதக் கட்டு. வாழ்நாளெல்லாம் துடைக்கத் தெரியாதவன் என்று நான் சொன்னவன் என்னைவிட நன்றாகத் துடைக்கக் கற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பெயரை நான் குப்பையிலிருந்து பொறுக்கிவந்த பைக்குக் கொடுத்துப் பேண்டு பூராவும் பெருமை பேசியிருந்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு நான் ஊதவில்லை. கிளாரினெட்டைப் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து பேட், கார்க்கு எல்லாம் மாற்றினேன். மரத்தில் விரிசல் விழவில்லை, பிழைத்தது என்றார். பிறகு நான் துடைத்தேன், தினமும், ஊதாத நாளிலும், அவன் துணியால். பைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். யார்டில் கன்டெய்னர் கதவைத் திறந்து உள்ளே அந்தப் பைகள் தொங்குவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் எண்ணை எழுதுகிறேன்.

போன நவம்பர் இரண்டாம் தேதி. என்னை விட்டால் அவனுக்கு ஊத வேறு யாரும் இல்லை. முறைப்படி பார்த்தாலும் அவன் முறைதான், அடுத்த வருடம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா. அப்பாவைப் புதைத்த இடத்திலேயே அவனையும் வைத்திருந்ததால் கல்லறையும் ஒன்றாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. என் மனைவி குடை பிடித்தாள். நான் சட்டைப்பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து, அவன் மவுத்பீஸைக் குழலில் மாட்டினேன். மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவன் மேல்பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் என் பல் போய் உட்கார்ந்தது. என் வாய்க்கு அது சரியாகப் பொருந்தவில்லை.

அதே பாட்டு. முதல் அடி, இரண்டாவது அடி வந்தன. மூன்றாவதில் களகளவென்று தண்ணீர் பேசியது. என் கை சட்டைப்பைக்குப் போகவே இல்லை. காகிதம் என்னிடம்தான் இருந்தது. நான் ஊதுவதை நிறுத்திவிட்டு இடதுபக்கம் திரும்பினேன். அங்கே மழையும் பக்கத்துக் கல்லறைக்காரரின் சைக்கிளும் இருந்தன.

“தொடுடா” என்றேன். “வந்து தொடுடா.”

எல்லோருக்கும் கேட்டது. என் மனைவி குடையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கிளாரினெட்டுக்கு மேல் பிடித்தாள். “ஊது” என்றாள். “பாதில நிறுத்தாத. இது அவன் பாட்டு.”

அந்தத் தண்ணீரைத் துடைக்காமலே மீதியை ஊதி முடித்தேன்.